கசற்றில் போன பனிவிழா

கனடாவின் ஒஷாவா நகரில் அவரைத் தெரிந்தவர்களிடம் கேட்டால், மிக மெதுவாகப் பேசும் மனிதர் என்பார்கள். ஒரு சொல்லைச் சொல்லி, அது எதிரில் நிற்பவரிடம் போய்ச் சேர்ந்துவிட்டதா என்று பார்த்த பிறகுதான் அடுத்த சொல்லை எடுப்பார். அங்கே ஒரு மரக்கறிக் கடைக்காரர் என்னிடம் குரலைத் தாழ்த்தி, "அந்த அண்ணைக்கு முந்தி வாதம் கீதம் வந்ததோ?" என்று விசாரித்தார். வரவில்லை என்றேன். அவர் நம்பியதாகத் தெரியவில்லை.

அதற்கு முன்பு, ரொறன்ரோவின் ரெக்ஸ்டேலில் அவருடன் ஒரே கட்டடத்தில், ஒரே மாடியில் ஏழு குளிர்காலம் இருந்தவன் நான். எங்களுக்குத் தெரிந்தவர் வேறு ஆள். அவர் ஒரு வாக்கியத்தை முடித்து நான் கேட்டதில்லை. முடிவதற்கு முன்பே அடுத்த வாக்கியம் வந்து அதன் முதுகில் ஏறிவிடும். கட்டடத்துப் பையன்கள் அவருக்கு எக்ஸ்பிறஸ் என்று பெயர் வைத்திருந்தார்கள். லிஃப்ட் பதினொராம் மாடியிலிருந்து கீழே வருவதற்குள், பிறம்ரனில் தான் வேலை செய்யும் கோழித் தொழிற்சாலையில் முதல்நாள் பெல்ட் அறுந்ததையும், சூப்பர்வைசரின் மனைவிக்கு நடந்த ஒப்பரேஷனையும், அந்த ஒப்பரேஷன் தேவையில்லை என்ற தன் அபிப்பிராயத்தையும் சொல்லி முடித்திருப்பார். கதவு திறந்ததும், "மிச்சம் பின்னேரம்" என்றபடி பஸ்ஸுக்கு ஓடுவார். பின்னேரம் சந்தித்தால் விட்ட இடத்திலிருந்து தொடங்குவார். ஒரு சொல் பிசகாது.

ஊரில் பள்ளிக்கூட விளையாட்டுப் போட்டிகளில் ஒலிபெருக்கியில் அறிவிப்புச் செய்தவர். வேகம் அங்கேதான் வந்தது என்பார்.

"அஞ்சலோட்டத்தில நாலு இல்லத்துப் பெடியளையும் ஒரே நேரத்தில பாக்கவேணும் தம்பி. நான் மூச்சு விட்டா அதுக்குள்ள நீல இல்லம் முந்திப்போடும்."

அகதி விசாரணையிலும் அப்படித்தான் பேசியிருக்கிறார். மொழிபெயர்க்க வந்த பெண் மூன்று தடவை தண்ணீர் குடித்துவிட்டு, "ஐயா, கொஞ்சம் மெதுவாச் சொல்லுங்கோ" என்று கெஞ்சினாராம். "மெதுவாச் சொன்னா எனக்கு மறந்துபோகும் பிள்ளை" என்றாராம் இவர். ஒரு நாளில் முடியவேண்டிய விசாரணை இரண்டு நாள் நடந்தது. இதை அவர் பெருமையாகத்தான் சொல்வார்.

மனைவி ஐந்து மாதக் கர்ப்பிணியாக இருந்தபோது யாழ்ப்பாணத்திலிருந்து புறப்பட்டவர். மகள் பிறந்த செய்தி ஏழு வாரம் கழித்துக் கடிதத்தில் வந்தது. அதன்பிறகு ஒரு படம் வந்தது. படத்தில் குழந்தை தூங்கிக்கொண்டிருந்தது. முகத்தில் பாதி துணியால் மூடியிருந்தது. அவர் அந்தப் படத்தைச் சட்டைப் பையில் வைத்திருந்தார். ஆனால் அதைப் பற்றி மட்டும் யாரிடமும் பேசியதில்லை. கேட்டால் எடுத்துக் காட்டுவார், வாங்கி வைத்துக்கொள்வார், வேறு கதைக்குப் போய்விடுவார்.

நான் அப்போது வார இறுதிகளில் ஒரு தமிழ் வாரப் பத்திரிகைக்குச் செய்தி எழுதிக்கொண்டிருந்தேன். உள்ளங்கையளவு ரேப் றெக்கோடர் ஒன்று பத்திரிகை தந்தது. வயரோடு கூடிய மைக்கை அதில் கொழுவலாம். ஒரு பெப்ரவரி மாதம் அவர் கதவைத் தட்டினார்.

"தம்பி, உங்கட ரேப்பை ஞாயிற்றுக்கிழமை ஒருக்கால் தருவியளோ? ஆத்தங்கரைப் பூங்காவில ஒரு பனிவிழாவாம். குடும்பமா வாங்கோ எண்டு நோட்டீஸ் ஒட்டியிருக்கு."

"நீங்கள் தனியாளெல்லோ அண்ணை?"

"அதாலதான் ரேப் கேக்கிறன்."

றெக்கோடர் பத்திரிகையின் சொத்து. அதை விட்டுவிட மனமில்லாமல் நானும் போனேன். என் மனைவியும் வந்தாள். அப்படித்தான் அந்த வழக்கம் தொடங்கியது.

பூங்கா எங்கள் கட்டடத்திலிருந்து மூன்று பஸ் தரிப்புத் தள்ளி, ஹம்பர் ஆற்றின் வளைவில் இருந்தது. வருடத்தில் ஒரு ஞாயிறு மட்டும் அங்கே விழா. சக்கரமில்லாத குதிரை வண்டி, பனியில் ஊற்றி இறுக்கிய மேப்பிள் பாகு, சறுக்குத் தளம், பனிக்கட்டியைச் சிறிய வாளால் அறுத்து மீன் செய்யும் ஒரு தாடிக்காரர், கடதாசிக் கோப்பையில் சூடான சொக்லேற். பிள்ளைகள் கீச்சிட்டுக்கொண்டே மேட்டிலிருந்து சறுக்கி வருவார்கள். அவர்களுடைய அப்பாமார் கீழே கைகளை விரித்துக்கொண்டு நிற்பார்கள்.

இவர் றெக்கோடரைச் சட்டைக்குள், தோலோடு ஒட்டி வைத்திருந்தார். குளிர் பிடித்தால் பற்றரி சோர்ந்துவிடும். கழுத்துப் பட்டிக்கு வெளியே மைக் மட்டும் எட்டிப் பார்த்தது. அதை வாய்க்குக் கிட்டப் பிடித்துக்கொண்டு, ஊரிலிருந்த மகளிடம் பேசத் தொடங்கினார்.

"இப்ப நான் ஆத்தங்கரையில நிக்கிறன் குஞ்சு ஆறு முழுக்க உறைஞ்சுபோச்சு மேல ஒரு நாய் நடக்குது நாய்க்கும் சப்பாத்துப் போட்டிருக்கினம் நாலு காலுக்கும் சிவப்புச் சப்பாத்து பின்னங்கால் ஒண்டு கழண்டுபோச்சு ஒரு பொம்பிளை எடுத்துக்கொண்டு ஓடுறா நாய் நிக்கமாட்டனெண்டுது இஞ்சாலை குதிரைவண்டி வருது சில்லு இல்லை சறுக்கிக்கொண்டு வருது மணி கேக்குதோ..."

கசற்றில் ஒரு பக்கம் முப்பது நிமிடம். அதற்குள் விழா முழுவதும் அடங்கவேண்டும் என்பது அவர் கணக்கு. என்னை வேறு வேலை வாங்கினார்.

"தம்பி, உதில ஒருக்கால் நடவுங்கோ. சப்பாத்தை நல்லா அமத்தி. ஆ... இன்னொருக்கால். குஞ்சு, இதுதான் பனிச் சத்தம், பொரிச்ச அப்பளத்தை மிதிச்ச மாதிரி, நடக்கிறது எங்கட தம்பி, எண்பது கிலோ."

"எழுபத்திரண்டு" என்றேன்.

"எழுபத்திரண்டாம்" என்று மைக்கிடம் சொன்னார்.

அப்போது போரால் யாழ்ப்பாணத்தில் மின்சாரம் இல்லை. தொலைபேசி இல்லை. பற்றரி கொண்டுபோகத் தடை. இந்தக் கசற்றை அங்கே எப்படிக் கேட்பார்கள் என்று அவரிடம் கேட்டேன்.

"சைக்கிளைக் கவிட்டு வைச்சு, பெடலைக் கையால சுத்தினா டைனமோவில கறன்ற் வரும் தம்பி. அதில வயரைக் கொழுவிக் கேப்பினம். ஊர் முழுக்க இப்ப உதுதான். அவ சுத்துவா. பிள்ளை கேக்கும்."

கொழும்புக்குப் போகிற ஒருவர் கையில் கசற் போகும். அங்கிருந்து வடக்கே போகிற இன்னொருவரிடம் கைமாறும். போய்ச் சேர மூன்று மாதமும் ஆகும், ஆறு மாதமும் ஆகும். பெப்ரவரிப் பனியின் சத்தம் அங்கே ஆடி வெயிலில் கேட்டிருக்கும்.

மகளுக்கு அவர் அனுப்பிய கசற்றுகளில் இல்லாதவற்றையும் நான் கவனித்தேன். குளிர் என்ற சொல் அவற்றில் கிடையாது. தொழிற்சாலை கிடையாது. ஐந்து ஆண்கள் இரண்டு அறைகளில் படுப்பது கிடையாது. பனி, குதிரை, நாய், பாகு, சறுக்கும் பிள்ளைகள், இவைதான். ரொறன்ரோ என்றாலே ஒரு ஞாயிற்றுக்கிழமை விழாதான் என்று அந்தப் பிள்ளை நினைத்திருந்தால் பிழை சொல்லமுடியாது.

இரண்டாம் வருடம் குதிரை கனைக்கவேண்டும் என்று கேட்டு வண்டிக்காரரை மறித்துவிட்டார். வண்டிக்காரர் ஒன்றும் புரியாமல் நின்றார். இவர் மைக்கைக் குதிரையின் மூக்கருகே கொண்டுபோனார். அது கனைக்கவில்லை. தும்மியது. மைக் நனைந்து, அன்றைய மிச்சப் பதிவு முழுவதும் கரகரவென்று போனது. "குஞ்சு, குதிரைக்குத் தடிமன்" என்று சமாளித்தார்.

மூன்றாம் வருடம் நடந்தது சிரிப்பதற்குரியதல்ல. கழுத்திலிருந்து வயர் தொங்க, தனக்குத்தானே பேசிக்கொண்டு, பிள்ளைகள் சறுக்கும் மேட்டருகே தனியாக நிற்கும் ஓர் ஆண். பார்ப்பவர்கள் என்ன நினைப்பார்கள் என்று எங்களில் ஒருவருக்கும் தோன்றவில்லை. நானும் மனைவியும் சொக்லேற் வரிசையில் நின்றோம். திரும்பிப் பார்த்தபோது சீருடை போட்ட பெண் ஒருவர் அவர்முன் நின்றார். ஒரு தாய் தன் மகனைக் கையில் பிடித்துக்கொண்டு சற்றுத் தள்ளி நின்றார்.

இவர் மைக்கைக் காட்டி, "மை டோட்டர். லிசினிங்" என்றார்.

அந்தப் பெண் சுற்றிலும் பார்த்தார். "எங்கே உங்கள் மகள்?" என்று ஆங்கிலத்தில் கேட்டார்.

இவர் எதையாவது காட்டவேண்டும். கையை உயர்த்தினார். எந்தப் பக்கம் நீட்டுவது என்று தெரியவில்லை. ஆற்றுப் பக்கம் கொண்டுபோய், கட்டடங்களின் பக்கம் கொண்டுபோய், கடைசியில் மறுபடி மைக்கையே காட்டினார். நான் ஓடிப்போய் விளக்கம் சொன்னேன். அந்தப் பெண் கேட்டுவிட்டு, கையுறையைக் கழற்றி மைக்கைத் தொட்டு, "ஹாய் சுவீட்டி" என்று சொல்லிவிட்டுப் போனார். அதுவும் கசற்றில் போனது. அந்தத் தாய் மட்டும் கடைசிவரை கிட்ட வரவில்லை.

பிறகு ஒரு வருடம், சண்டை நெருங்கி ஊர் முழுவதும் எழுந்து நடந்துவிட்டது என்ற செய்தி வந்தது. யார் எங்கே என்று தெரியாத மாதங்கள். அந்தப் பெப்ரவரியில் அவர் வரமாட்டார் என்று நினைத்தேன். காலை பத்து மணிக்குக் கதவைத் தட்டினார். அன்றைக்கு எப்போதையும்விட வேகமாகப் பேசினார். இரண்டு பக்கமும் நிரம்பிற்று. வீட்டுக்கு வந்து கடித உறையில் மனைவியின் பெயரையும் மகளின் பெயரையும் எழுதினார். அதற்குக் கீழே எழுத ஊர் இல்லை. பேனையை மூடி வைத்தார். பிறகு உறையை ஒட்டி, "கிடக்கட்டும் தம்பி" என்று என்னிடம் தந்தார்.

அதே வருடக் கோடையில் அவர்கள் வன்னியில் இருப்பதாகத் தகவல் வந்தது. பின்பு கொழும்புக்கு வந்தார்கள். மார்கழியில் ரொறன்ரோவுக்கு வந்தார்கள்.

விமான நிலையத்துக்கு என் காரில் போனோம். அவருடைய மனைவி மெலிந்த, நெடிய பெண். மகளுக்கு ஆறரை வயது. அளவுக்கு மிஞ்சிய ஒரு நீலக் கோட்டுக்குள் இருந்து பார்த்தாள். இவர் குனிந்து, ஆறு வருடப் பேச்சையும் ஒரே மூச்சில் தொடங்கினார்.

பிள்ளை தாயின் பின்னால் போனாள்.

"அம்மா, இவர் ஆர்?"

"அப்பா, குஞ்சு. அப்பாவெல்லோ!"

பிள்ளை எட்டிப் பார்த்தாள். கொஞ்ச நேரம் கவனமாகக் கேட்டாள். முகத்தில் பயமோ அடமோ இல்லை. ஒரு தகவலைத் திருத்துகிற தொனியில் சொன்னாள்.

"இல்லை. அப்பா உப்பிடிக் கதைக்கமாட்டார்."

காரில் வரும்போது இவர் வழிநெடுகக் கட்டடங்களைக் காட்டிப் பேசிக்கொண்டு வந்தார். கண்ணாடியில் பார்த்தேன். பிள்ளை புதுக் கையுறைகளால் காதுகளைப் பொத்திக்கொண்டிருந்தாள்.

எங்கள் மாடியிலேயே அவருக்குத் தனி வீடு கிடைத்திருந்தது. பிள்ளை அடம்பிடிக்கவில்லை. சொன்னதைக் கேட்டாள், தந்ததைச் சாப்பிட்டாள். என்னை அங்கிள் என்று கூப்பிட்டாள். அவரையும் அங்கிள் என்றே கூப்பிட்டாள். அவள் பேசவேண்டும் என்பதற்காக அவர் இன்னும் அதிகமாகப் பேசினார். பதற்றத்தில் இன்னும் வேகமாகப் பேசினார். அவர் வாயைத் திறந்தால் பிள்ளை மற்ற அறைக்குப் போய்விடுவாள்.

ஒருநாள் வேலையால் வந்தவர் நேராக என் வீட்டுக்கு வந்தார். சப்பாத்தைக் கழற்றாமல் வாசலிலேயே நின்றார்.

"முகம் பிடிக்காட்டிப் பரவாயில்லைத் தம்பி. முகத்தை அவள் பாக்கேல்லைத்தானே. ஆனா குரலை நான் அனுப்பினனான். ஒவ்வொரு வருசமும் அனுப்பினனான்."

ஊரைவிட்டு நடந்தபோது அவருடைய மனைவி உடுப்புப் பையை வழியில் போட்டுவிட்டு, கசற்றுகளில் மூன்றைக் கொண்டுவந்திருந்தார். அதில் ஒன்றைப் போட்டுக் காட்டினால் பிள்ளைக்கு விளங்கிவிடும் என்பது இவருடைய யோசனை. ஒரு சனிக்கிழமை மத்தியானம் என் றெக்கோடரைக் கொண்டுபோய்ச் சுவர்ப் பிளக்கில் கொழுவிப் போட்டேன்.

"இப்ப நான் ஆத்தங்கரையில நிக்கிறன் குஞ்சு ஆறு முழுக்க உறைஞ்சுபோச்சு..."

பிள்ளை அறையிலிருந்து ஓடிவந்தாள். றெக்கோடரைப் பார்த்தாள். உதடு பிதுங்கியது.

"அம்மா! அப்பான்ர கசற்றைப் பழுதாக்கிப்போட்டினம்!"

வந்த நாளிலிருந்து அவள் அழுதது அன்றுதான். இவர் தன் நெஞ்சைத் தொட்டு, "குஞ்சு, இதுதான் அப்பான்ர குரல், கேளுங்கோ, இதுவும் அதுவும் ஒண்டுதான்" என்றார். அது இன்னும் மோசமாகிவிட்டது.

மனைவிதான் றெக்கோடரை நிறுத்தினார்.

"அண்ணை" என்றார் என்னிடம், "இது கெதியா ஓடுது, சரியான வேகம். நாங்கள் கேட்டது இப்பிடியில்லை."

"எப்பிடிக் கேட்டது?"

அவர் சொல்லத் தொடங்கி, சிரித்து, நிறுத்தினார். பிறகு கையை நீட்டி, காற்றில் ஒரு பெடலைச் சுற்றிக் காட்டினார். நிதானமான பெரிய வட்டம்.

எனக்கு அப்போதுதான் பிடிபட்டது. டைனமோவில் கறன்ற் குறைந்தால் ரேப் மெதுவாக ஓடும். மெதுவாக ஓடினால் குரல் கனத்து, இழுபட்டு, வேறொரு மனிதனுடைய குரலாகிவிடும். வீட்டிலிருந்த ரி.வி. றிமோட்டைத் திறந்து, சாகக் கிடந்த இரண்டு பற்றரிகளை எடுத்தேன். வயரைக் கழற்றிவிட்டு அவற்றைப் போட்டேன்.

"இப்ப... நான்... ஆத்தங்... கரையில... நிக்கிறன்... குஞ்சு..."

ஆழமான, ஆறுதலான குரல். அவசரமே இல்லாத ஒரு பெரிய மனிதர், பனிக்குள் உலாவிக்கொண்டு, ஒவ்வொன்றாக எடுத்துச் சொல்வதுபோல இருந்தது. குதிரை மணி கோயில் மணியாகக் கேட்டது. பிள்ளை அழுகையை நிறுத்தினாள். மூக்கைத் துடைத்துக்கொண்டு வந்து றெக்கோடருக்குப் பக்கத்தில் தரையில் இருந்தாள்.

"விளக்கை நூத்துப்போட்டுத்தான் கேக்கிறனாங்கள்" என்றார் மனைவி. "மண்ணெண்ணெய் இல்லையே. இருட்டுக்குள்ள இவள் என்ர மடியில கிடப்பாள்."

இவர் தன் குரலைக் கேட்டுக்கொண்டிருந்தார். அந்தப் பக்கம் முழுவதையும் கேட்டார். எங்கள் கட்டடத்தில் யாரும் அவரை அவ்வளவு நேரம் பேசாமல் பார்த்ததில்லை. முடிந்ததும் மனைவியைத் திரும்பிப் பார்த்தார்.

"நீர் கொஞ்சம் கெதியாச் சுத்தியிருக்கலாமெல்லோ?"

"சுத்தியிருக்கலாம்."

"கை நொந்ததோ?"

"கை நோகேல்லை." அவர் தரையைப் பார்த்துக்கொண்டு சொன்னார். "கெதியாச் சுத்தினாக் கெதியா முடிஞ்சுபோம். பிறகு அடுத்த கசற் வருமட்டும் நாங்கள் என்ன செய்யிறது?"

 

அடுத்த வாரம் லிஃப்டில் அவரைச் சந்தித்தேன்.

"தம்பி..." என்றார். பதினொராம் மாடி. "பஸ்..." ஏழாம் மாடி. "போட்டுதோ..." கீழ்த்தளம். நாங்கள் வெளியே வந்தபோது பஸ் உண்மையாகவே போய்விட்டது. பின்விளக்கு தெரிந்தது. அவர் ஓடவில்லை.

அது சுலபமாக வரவில்லை. சொற்களைப் பிடித்து நிறுத்துவது அவருக்குப் பாரம் தூக்குகிற மாதிரி இருந்தது. நெற்றியில் நரம்பு தெரியும். பாதியில் மறந்துபோவார். மொழிபெயர்த்த பெண்ணிடம் சொன்னது பொய்யில்லை என்று அப்போது கண்டேன். தொழிற்சாலையில் சூப்பர்வைசர் டொக்டரிடம் போகச் சொன்னாராம். கட்டடத்துப் பையன்கள், "எக்ஸ்பிறஸ் இப்ப எல்லாத் தரிப்பிலையும் நிக்குது" என்று சிரித்தார்கள். அவரும் சிரித்தார். ஆனால் வேகம் திரும்பி வர இடம் கொடுக்கவில்லை, வீட்டுக்கு வெளியிலும்கூட. இரண்டு குரலை வைத்திருந்தால் எப்போதாவது மாறி வந்துவிடும் என்று பயந்தார் என்று நினைக்கிறேன்.

இரண்டு வருடம் கழித்து ஒஷாவாவுக்குக் குடிபெயர்ந்தார்கள். அங்கே ஓரிரு தடவை கண்டேன். என்னுடனும் மெதுவாகத்தான் பேசினார். நான் எதிரில் நின்று, அந்த இடைவெளிகளுக்குள் பழைய வேகம் எங்காவது தலைகாட்டுகிறதா என்று கேட்டுக்கொண்டிருப்பேன். லிஃப்டுக்குள் நெரிந்த அந்தப் பேச்சு, முடியாத வாக்கியங்கள், "மிச்சம் பின்னேரம்" என்ற ஓட்டம். அவரை அவருடைய குரலில் கேட்கவேண்டும் என்ற ஆசை எனக்கு இன்னும் இருக்கிறது. அதை அவரிடம் எப்படிக் கேட்பது என்று எனக்குத் தெரியவில்லை.

அவர்கள் வந்து சேர்ந்ததை அடுத்து வந்த முதல் பெப்ரவரியிலும் விழா நடந்தது. நாங்கள் ஐந்து பேரும் போனோம். றெக்கோடரை நான் கொண்டுபோகவில்லை. நல்ல வெயில், கடும் குளிர். அவர் முன்னால் நடந்தார். பிள்ளை தாயின் கையைப் பிடித்துக்கொண்டு, அவரிடமிருந்து ஆறேழு அடி தள்ளி வந்தாள். ஆறு உறைந்திருந்தது. குதிரை வந்தது. தாடிக்காரர் பனிக்கட்டியில் மீன் அறுத்துக்கொண்டிருந்தார். பிள்ளை எல்லாவற்றையும் பார்த்தாள். அவள் முகம் மாறவில்லை. படத்தில் பார்க்கிற ஒன்றைப் பார்ப்பதுபோலப் பார்த்தாள்.

அவர் நின்றார். திரும்பவில்லை. ஆற்றைப் பார்த்துக்கொண்டு பேசத் தொடங்கினார்.

"இப்ப... நான்... ஆத்தங்கரையில... நிக்கிறன்..."

பிள்ளையும் நின்றாள்.

"ஆறு... முழுக்க... உறைஞ்சு... போச்சு... மேல... ஒரு பெடியன்... வழுக்கி விழுறான்... எழும்புறான்... திரும்பவும் விழுறான்..."

பிள்ளை கண்களை மூடிக்கொண்டாள். தலையைச் சரித்துக் கேட்டாள். தாயின் கையை விட்டாள். மூடிய கண்களோடு, குரல் வந்த பக்கம் ஓரடி வைத்தாள். இன்னோரடி வைத்தாள். கையை முன்னே நீட்டினாள். இவர் குனிந்து அந்தக் கையைப் பிடித்தார். பேச்சை நிறுத்தவில்லை.

அன்று அவள் விழா முழுவதையும் அப்படித்தான் சுற்றினாள். குதிரையைக் கேட்டாள். பாகு இறுகுவதைக் கேட்டாள். சப்பாத்துப் போட்ட நாய் இந்த வருடம் வரவில்லை என்பதையும் கேட்டாள். என் மனைவிக்குப் பொறுக்கவில்லை.

"அண்ணை, கண்ணைத் திறக்கச் சொல்லுங்கோவன். இவ்வளவு வருசம் இதைக் காட்டவெண்டுதானே இருந்தனீங்கள்."

அவர் வேண்டாம் என்று தலையை மட்டும் அசைத்தார்.

அந்த வருடம் புதிதாக, பனியை அழுத்தி ஒரு சிறிய கோட்டை கட்டியிருந்தார்கள். பிள்ளைகள் முன்புறம் ஏறிப் பின்புறம் சறுக்கிப் போனார்கள். அவர் முன்பு கண்டிராதது. அதன் முன்னால் போய் நின்றார். மேலிருந்து கீழே வரைக்கும் நன்றாகப் பார்த்தார். எங்கிருந்து தொடங்குவது என்று யோசிப்பது தெரிந்தது.

"இது... பனியால... கட்டினது, குஞ்சு... வெள்ளை... உள்ளுக்கு... கொஞ்சம் நீலம்... முன்னால... படி இருக்கு... அஞ்சு படி..."

"ஏறலாமோ, அப்பா?"

அவர் பதில் சொல்லக் கொஞ்ச நேரம் எடுத்தது. அந்தத் தாமதம் பழக்கிக்கொண்டது அல்ல.

"ஏறலாம்... காலைத்... தூக்குங்கோ."

அவள் தூக்கினாள்.